கயிறு கட்டாமல் இறங்கியவள்

கடவுள் இருந்த இடத்திலிருந்தே சொல்லியிருக்கலாமே. மன்னித்துவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை. வார்த்தையால் வெளிச்சத்தையே உண்டாக்கியவருக்கு அது ஒரு பெரிய காரியமா? அதற்குப் போய் ஒரு பெண்ணின் வயிற்றில் பத்து மாதம் கிடந்து, பல் முளைத்து, காய்ச்சல் கண்டு, கடைசியில் அப்படி ஒரு சாவும் செத்து... எதற்கு அவ்வளவு தூரம்?

அவள் இதை வாய்விட்டுக் கேட்டதில்லை. போதகருக்குத் தங்கையாகப் பிறந்துவிட்டால் சில கேள்விகளை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை, சபைப் பிள்ளைகளை முழு அங்கத்தினராக்கத் தயார்செய்யும் திடப்படுத்தல் வகுப்பில், பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பெண் அண்ணனிடம் அதையே கேட்டுவிட்டாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அவர் தப்பித்து வந்தார். அன்றிலிருந்து தடித்தடியான புத்தகங்கள் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்துவிட்டன. இன்று காலையும் ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்தபடி ரொட்டியைக் கருக்கினார்.

அந்தப் பெண் கேட்டதில் தப்பொன்றும் இல்லை என்று நினைத்தபடியே அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். குரல் போதும். பதினோரு வருடமாக அவளுடைய பிழைப்பே அதுதானே.

தனியாக வாழும் முதியவர்களைத் தினமும் காலையில் கூப்பிட்டு விசாரிக்கும் நிலையம் அது. நீளமான கூடம், பன்னிரண்டு நாற்காலிகள், நீலத் திரைச்சீலைகள். எட்டு மணி வெயில் அந்தத் திரை வழியாக வரும்போது கூடம் முழுவதும் தண்ணீருக்கடியில் இருப்பது போலத் தோன்றும். எல்லோருடைய வாயும் மீன்களின் வாயைப் போல மெதுவாகத் திறந்து மூடும். ஒவ்வொருவருக்கும் நாற்பது பேர், ஆளுக்கு மூன்று கேள்விகள். எழுந்தாயிற்றா, சாப்பிட்டாயிற்றா, மாத்திரை போட்டாயிற்றா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் பெயருக்கு எதிரே ஒரு டிக். முடிக்கும்போது, "நான் உங்க கூடவே இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதுவும் தாளில் அச்சடித்திருந்தது. எட்டிலிருந்து பத்து வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. யார் வீட்டுக்கும் போகக் கூடாது. ஆபத்து என்றால் மஞ்சள் பொத்தானை அழுத்த வேண்டும், ஆம்புலன்ஸ் போகும்.

அவளுக்கு முகங்கள் தெரியாது, அறைகள் தெரியும். ஒருவர் பேசினால் பின்னால் மெத்தை இருக்கிறதா, பாத்திரம் இருக்கிறதா, காற்று வருகிறதா என்று காது சொல்லிவிடும். கண்ணை மூடிக்கொண்டால் நாற்பது வீடுகளுக்குள் அவள் நடந்து போவாள். அது போதும் என்று நம்பினாள்.

பதினேழாவது பெயர் ஒரு கப்பல் சமையல்காரருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் அவருக்கு இன்னும் இருநூறு பேருக்குச் சமைக்கிற நினைப்புதான். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டால் தொலைந்தது. உருளைக்கிழங்கை எத்தனை நிமிடம் வேகவைத்தார், வெங்காயத்தை எந்தப் பக்கம் பார்த்து வெட்டினார், கப்பல் ஆடும்போது சூப் சட்டியை எப்படிக் கட்டிவைப்பார்கள் என்று நீண்டுகொண்டே போகும். அவரால் தினமும் ஏழெட்டு நிமிடம் தாமதமாகி, பதினெட்டாவது பெயர்க்காரரிடம் அவள் திட்டு வாங்குவாள்.

அன்று, செவ்வாய்க்கிழமை, அவர் அப்படிப் பேசவில்லை.

"எழுந்துட்டீங்களா ஐயா?"

"ஆச்சு."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"ஆச்சும்மா."

குரல் கொஞ்சம் எதிரொலித்தது, ஓடு பதித்த அறையிலிருந்து வருவது போல. எங்கோ தண்ணீர் சொட்டியது. குளித்துக்கொண்டே பேசுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் போன் அது. நிலையமே கொடுத்தது, நனைந்தாலும் கெடாது, கூப்பிட்டால் தானாகவே எடுத்துக்கொள்ளும். அவள் டிக் அடித்தாள். நேரம் மிச்சமாயிற்று. எழுந்து போகாமலே கால் நீட்டிச் சோம்பல் முறிக்க முடிந்தது.

புதன்கிழமையும் ஆச்சு, ஆச்சு, ஆச்சு. சொட்டுச் சத்தம். டிக்.

வியாழக்கிழமை அவர் 'ஆச்சு' என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அவள் பேனா தாளைத் தொட்டுவிட்டது. அப்போதுதான், யாரோ தோளைத் தட்டியது போல, தாளில் இல்லாத நாலாவது கேள்வி வாயில் வந்தது.

"என்ன சமைச்சீங்க ஐயா?"

மறுமுனையில் தண்ணீர் மட்டும் பேசியது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

"ஐயா, எங்க இருக்கீங்க?"

"கீழ," என்றார்.

"கீழன்னா?"

"தரையில. குளியலறைத் தரையில. செவ்வாய்க்கிழமை காலையில வழுக்குச்சு. இடுப்பு அசைய மாட்டேங்குது. குழாய் கைக்கு எட்டுது, தண்ணிக்குக் குறைச்சல் இல்ல."

அவள் மஞ்சள் பொத்தானை அழுத்தினாள். வண்டிகளெல்லாம் வெளியே போயிருக்கின்றன, நாற்பது நிமிடம் ஆகும் என்று திரையில் எழுத்து ஓடியது.

"ரெண்டு நாளா ஏன் ஐயா சொல்லல?"

"சொன்னா ஆள் அனுப்புவீங்க. நான் இருக்கிற கோலத்தை நாலு பேரு வந்து பாக்கணுமா? அனுப்பாதம்மா. கெஞ்சிக் கேக்கறேன். கொஞ்சம் பலம் வந்துச்சுன்னா நானே எழுந்துப்பேன்."

"நான் உங்க கூடவே இருக்கேன் ஐயா," என்றாள் அவள், தாளில் இருந்தபடியே.

"நீ எங்க இருக்க?"

"இங்க... ஆபீஸ்ல."

"அப்ப கூட இல்லையேம்மா," என்றார். குற்றம் சொல்லவில்லை. வழி தவறிப் போகிறவருக்குத் திரும்ப வேண்டிய தெருவைச் சொல்வது போலச் சொன்னார்.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தது அவளுக்கு நினைவிருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரி வாயைத் திறந்து மூடியதும் நினைவிருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. அவருடைய விலாசம் இரண்டு தெரு தள்ளி. பதினோரு வருடமாக அந்த விலாசம் தாளில் ஒரு வரியாக இருந்தது. இப்போது அதில் ஒரு சலூன் இருந்தது, சைக்கிள்கள் இருந்தன, மாடியிலிருந்து யாரோ போர்வை உதறினார்கள். காலை ஒன்பது மணி வெயிலில் அவள் நடந்து எத்தனை காலம் ஆயிற்று. தன் கால்களே யாருடையவோ போல முன்னால் போய்க்கொண்டிருந்தன.

வாசல் பக்கத்தில், எண் போட்டுத் திறக்கும் சாவிப்பெட்டி. அதன் எண் தாளில் உண்டு, அவளுக்கு மனப்பாடம். உள்ளே, காதால் மட்டுமே பார்த்திருந்த வீடு. மெத்தை அவள் நினைத்த இடத்தில் இல்லை. ஜன்னல் வேறு பக்கம் இருந்தது. சுவரில் வரிசையாகத் தொங்கிய கரண்டிகள் ஒவ்வொன்றும் கண்ணாடி போலத் துலக்கியிருந்தன.

குளியலறைக் கதவருகே வந்ததும் நாற்றம் முகத்தில் மோதியது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தார். கால்மிதியை இழுத்து இடுப்பில் போட்டிருந்தார். முதுகு பெரியது, வெளுத்தது. தரையில் தண்ணீர் மட்டுமல்ல, எல்லாமும் கலந்து கிடந்தது.

"ஐயா, நான்தான்."

"யாரு?"

"டெலிபோன்."

"போம்மா," என்றார் சுவரிடம். "நீ பாக்காத."

அவள் வாசற்படியில் நின்றபடியே கையை நீட்டினாள். அவர் திரும்பவில்லை. நீட்டிய கை வெறும் காற்றில் நின்றது. கைக்கும் அவருக்கும் நடுவில் இரண்டடிதான் இருக்கும். அந்த இரண்டடியை எந்த வார்த்தையாலும் கடக்க முடியாது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. நிற்கிறவளின் கையைக் கிடக்கிறவர் பிடிக்கப்போவதில்லை. பிடித்தால் முதலில் திரும்ப வேண்டும், திரும்பினால் அவள் பார்த்துவிடுவாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினாள். அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தாள். மலை அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தபோது குதிகால் வழுக்கியது. கூரையும் விளக்கும் ஒரு சுற்றுச் சுற்றின. பொத்தென்று அவரருகிலேயே விழுந்தாள். முழங்கால் பக்கத்தில் ஏதோ சுளுக்கிக்கொண்டது. உடை முழுக்க, தலைமுடியில், உதட்டோரத்தில்கூட, அந்தத் தண்ணீர்.

அவர் திரும்பினார். மூன்று நாளில் முதல் தடவையாகத் திரும்பியிருக்க வேண்டும், கழுத்து நடுங்கியது. ஏதோ ஒரு காலத்தில் நெருப்பில் சுட்ட தழும்பு உள்ள அகலமான முகம். அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"அடி பட்டுச்சா?" என்று கேட்டார்.

"முட்டியில லேசா."

"எழுந்திருக்க முடியுதா?"

ஊன்றிப் பார்த்தாள். முடியவில்லை.

அவர் வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "கப்பல்ல ஒருத்தன் தண்ணில விழுந்துட்டான்னா இன்னொருத்தன் சும்மா குதிக்கக் கூடாது தெரியுமா. கயிறைக் கட்டிக்கிட்டுத்தான் குதிக்கணும். கயிறோட மறுமுனை கப்பல்ல இருக்கணும். நீ கட்டிக்கிட்டு வந்தியா?"

"இல்லையே."

"அப்ப சரி. ரெண்டு பேரும் இங்கதான்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அப்படியே இருவரும் கிடந்தார்கள். உயரத்தில் இருந்த சின்ன மங்கல் கண்ணாடி வழியாக வெளிச்சம் பால் போல இறங்கியது. சொட்டுச் சத்தம் இப்போது காதுக்குள் இல்லை, பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு சொட்டும் விழுவதற்கு முன் குழாய் நுனியில் தடித்து, நடுங்கி, அதற்குள் ஜன்னலைத் தலைகீழாகப் பிடித்துவைத்திருந்ததைப் பார்க்க முடிந்தது. அவருடைய குரலில் மூச்சு இருந்தது, சூடு இருந்தது, பசித்த வாயின் வாடை இருந்தது. போன் வழியாக வந்தபோது இதெல்லாம் எங்கே போயிற்று? நேரம் நின்றுவிட்டது போலிருந்தது. எழுந்து போக வேண்டிய இடம் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. கொடியிலிருந்து துண்டை இழுத்து அவள் அவர்மேல் போர்த்தியபோது அவர் தடுக்கவில்லை. கையைத் தேடினாள், கிடைத்தது.

"நான் பொய் சொல்லிட்டேன்மா. ரெண்டு நாளு," என்றார்.

"நீங்க சீக்கிரம் முடிச்சீங்கன்னு நான் சந்தோஷப்பட்டேன்," என்றாள் அவள். "ரெண்டு நாளும்."

அவர் அதை யோசித்தார். "நான் கொஞ்சம் அதிகமாத்தான் பேசறேன்," என்றார் பிறகு.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து முதலில் அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அப்புறம் அவரை.

சனிக்கிழமை மாலை, அண்ணன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அண்ணி இறந்த பிறகு அவர் கற்றுக்கொண்ட ஒரே சமையல் வேலை அதுதான். தோலோடு பாதிக் கிழங்கும் போய்விடும். அவள் முழங்காலைத் தலையணைமேல் நீட்டிவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சின்ன வயதிலிருந்து மனதில் இருந்த கேள்வியையும் சேர்த்துச் சொன்னாள்.

"அட ரேடியோ," என்றார். சின்ன வயதில் திரைக்குப் பின்னால் நின்று விடாமல் பேசுவாள் என்பதால் வைத்த பெயர். "நாப்பது வருஷமா இதை மனசுல வச்சுக்கிட்டா என் பிரசங்கத்தைக் கேட்டுட்டு இருந்த?"

"பாதி நேரம் தூங்கிட்டு இருந்தேன்."

"அது தெரியும். குறட்டை மேடை வரைக்கும் வரும்." கத்தியை வைத்தார். "அந்தப் பொண்ணு கேட்டதுக்கு நான் நாலு புத்தகத்தைப் புரட்டிட்டேன். நியாயப்பிரமாணம், நீதி, பலி, எல்லாம் இருக்கு. எல்லாம் சரிதான். ஆனா மன்னிப்புங்கறது தீர்ப்பு மட்டும்னா அதை மேல இருந்தே வாசிச்சிடலாம். விழுந்தவனுக்குத் தீர்ப்பு எதுக்கு? அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் வச்சுக்கிட்டு இருக்கான். மனுஷன் திரும்பணும்னா, அவன் கிடக்கற தரையில மனுஷனாவே ஒருத்தர் வந்து கிடக்கணும்."

"நான் போய்க் கிடந்தேன். என்ன ஆச்சு? ரெண்டு பேரும் கிடந்தோம்."

அண்ணன் உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டார்.

"அதைத்தான் அண்ணா நெனச்சுக்கிட்டே இருக்கேன். எறங்கறது யாரும் செய்யலாம். எறங்கினவங்க நம்மள மாதிரியே வழுக்கற ஆளா இருந்தா கூட்டம்தான் சேரும். அவரைத் தூக்கினது நான் இல்ல. என்னையே வேற ஒருத்தர்தான் தூக்கினாங்க."

"கயிறு," என்றார் அண்ணன் மெதுவாக. "தரை வரைக்கும் வரணும். வந்தாலும் மறுமுனை மேலயே இருக்கணும். மனுஷனாவும் இருக்கணும், கடவுளாவும் இருக்கணும்." தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "இதை அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது?"

"அதுக்குத்தானே உங்களைப் போதகர் ஆக்கியிருக்காங்க. முதல்ல கிழங்குல கொஞ்சமாவது மிச்சம் வைங்க."

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். நல்ல பெண். வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறாள். பதிலுக்கு அவள் 'மேடம்' என்பாள். இருவருக்கும் அது பழகிவிட்டது.

"முட்டி எப்படி இருக்குக்கா?"

"பரவாயில்ல மேடம்."

"நீங்க எழுந்து போனதுக்கு அப்புறம் இருபத்து மூணு பேருக்கு போன் போகல. மத்தியானம்தான் மத்தவங்க பிரிச்சுக்கிட்டுப் பேசினாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல, நம்ம நல்ல நேரம்."

"தெரியும் மேடம். அது என் தப்பு."

"அதை விடுங்க. அது சின்ன விஷயம்." தட்டச்சு செய்த ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். "மேல கேக்கறாங்க. ஒரு மனுஷன் ரெண்டு நாளா விழுந்து கிடந்திருக்கார், நம்ம தாள்ல நல்லா இருக்கார்னு டிக் இருக்கு. எப்படின்னு. படிச்சுப் பாத்து ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

தாளில் மூன்றே வாக்கியங்கள். உணர்ச்சிவசப்பட்டு இருக்கையை விட்டு வெளியேறியதற்கு வருந்துகிறேன். விதிப்படியான மூன்று கேள்விகளையும் இரண்டு நாட்களும் தவறாமல் கேட்டேன். சம்பந்தப்பட்ட பயனாளர் தமது நிலையை மறைத்து வேண்டுமென்றே தவறான தகவல் அளித்தார்.

ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் பொய் என்று சொல்ல முடியாது. அதுதான் அவளைக் குழப்பியது. மூன்றாவது வாக்கியத்தின்மேல் விரலை வைத்தாள். காகிதம் வழவழப்பாக இருந்தது.

"இது போச்சுன்னா அவரை என்ன செய்வாங்க?"

"லிஸ்ட்லேருந்து எடுத்துடுவாங்க. தவறான தகவல் குடுத்தா எடுக்கணும், அது விதி."

"காலையில விசாரிக்க ஆள் இருந்தாத்தான் வீட்டுக்கு அனுப்புவோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. இல்லன்னா முதியோர் இல்லத்துலதான் விடுவாங்களாம்."

"இல்லத்துல நல்லாத்தான் பாத்துப்பாங்கக்கா."

"அங்க அவரை அடுப்புப் பக்கம் விட மாட்டாங்க."

மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டாள். "அக்கா, யார் மேலயாவது போய் நின்னாத்தான் இது முடியும். உங்க மேல நிக்கக் கூடாதுன்னுதான் ராத்திரியெல்லாம் யோசிச்சு இப்படி எழுதினேன். அவர்தானே பொய் சொன்னார்? நீங்க கேட்டீங்க, அவர் சொன்னார். உங்க மேல என்ன இருக்கு?"

என்ன இருக்கிறது? கால் நீட்டிச் சோம்பல் முறித்த அந்தச் செவ்வாய்க்கிழமை இருந்தது. கூடத்தின் நீல வெளிச்சம் கண்ணாடித் தடுப்பு வழியாக மேசைமேல் அலைந்தது. வெளியே பதினொரு வாய்கள் சத்தமில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தன. தன்னுடைய நாற்காலி மட்டும் காலியாக, யாரோ இப்போதுதான் எழுந்து போனது போலக் கொஞ்சம் திரும்பியிருந்தது. அந்த நாற்காலி இல்லாமல் தான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்பத்தாறு வயதில், சுளுக்கிய முழங்காலோடு, ஒரு குரல் மட்டும் வைத்திருப்பவளை யார் எடுத்துக்கொள்வார்கள்?

இதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். தன்னுடைய தப்பைத் தான் எடுத்துக்கொள்வதற்கே நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது. தன்னுடையது எதுவுமே இல்லாத ஒருவர், சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த அத்தனை பேருடையதையும் எடுத்துத் தன் பேரில் எழுதிக்கொண்டபோது எப்படி இருந்திருக்கும்? நினைக்க நினைக்கத் தலை சுற்றியது, ஆழமான தண்ணீரைக் குனிந்து பார்ப்பது போல.

மேற்பார்வையாளர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"போடுங்கக்கா. மத்தியானத் தபால்ல போயிடும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நீங்க உங்க சீட்ல இருக்கலாம்."

அவள் பேனாவை வாங்கினாள். தாளை ஒருமுறை நேராக வைத்தாள்.

"மேடம், என்ன சமைச்சீங்கன்னு அவர்கிட்ட நான் ரெண்டு நாளா கேக்கல. தினமும் சொல்ற மனுஷன் சொல்லலன்னு எனக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சும் டிக் போட்டேன். இதை எழுதிக் குடுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"அப்படி எழுதினா உங்களை வச்சுக்க முடியாதுக்கா."

"ஆமா."

"அவர் உங்களுக்கு யாரு? சொந்தமா, பந்தமா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். சொல்லும்படியாக ஓர் உறவுமுறையும் கிடைக்கவில்லை.

"கோபமெல்லாம் இல்ல மேடம். நீங்க எனக்காகத்தான் எழுதினீங்க, புரியுது," என்றாள். பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தாள். "இதுல போட மாட்டேன்."